கூடாரத்துக்குப் பின்னால் ஒரு கூடு

அந்தத் தெருவில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் நாலு பேர் தலையைச் சொறிவார்கள். ‘டச்சிங் அக்கா’ என்று கேட்டால் பால் போடுகிறவர்கூடக் கையை நீட்டி ஸ்டூடியோவைக் காட்டிவிடுவார். ஸ்டூடியோ அண்ணனுடையது. அதன் பின்னறையில், ஜன்னல் இல்லாத சுவரைப் பார்த்துப் போட்ட மேசையில், இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. மற்றவர்கள் முகத்தைச் சரிபண்ணுவது. பருவை எடுப்பாள். கழுத்து மடிப்பைக் குறைப்பாள். குடும்பப் படத்துக்கு வராமல் போன மாமாவைக் கடைசி வரிசையில் கொண்டுவந்து நிறுத்துவாள்.

“அக்கா, மூக்கைக் கொஞ்சம் சின்னதாக்க முடியுமா?” என்று யாராவது கேட்டால், “தாராளமா. ஆனா பாஸ்போர்ட்ல இருக்கறது நீங்க இல்லன்னு ஏர்போர்ட்லயே திருப்பி அனுப்பிடுவாங்க, பரவாயில்லையா?” என்பாள்.

சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவள்தான். ஆனால் அந்த அறையில் உட்கார்ந்தால் மழை பெய்கிறதா வெயில் அடிக்கிறதா என்பதை வருகிறவர்களின் தலைமுடியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்டூடியோவுக்கு மேல்மாடியில் வீடு. பதினேழு படி. கீழே வேலை, மேலே அப்பா. அப்பா ஒரு காலத்தில் சர்வேயராக இருந்தவர். சங்கிலியும் கொடியும் எடுத்துக்கொண்டு நாளைக்குப் பத்து மைல் நடப்பார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை நாற்காலியிலிருந்து சரிந்தார். வலது பக்கம் முழுக்கப் போயிற்று. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது. ‘ஆச்சு’. பசித்தாலும் ஆச்சு, வலித்தாலும் ஆச்சு, வேண்டாம் என்றாலும் ஆச்சு. எந்த ஆச்சுக்கு என்ன அர்த்தம் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள்.

“அவ கையைத் தவிர வேற கையில சாப்பிட மாட்டாரு” என்று அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். அண்ணி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளும் அதையே சொல்வாள். கேட்டுக் கேட்டு இவளும் அதை நம்பிவிட்டாள். அப்பா விழுந்த சமயத்தில் இவளுக்குக் கல்யாணம் பேசி வைத்திருந்த ஒரு இடம், ‘பொறுத்திருக்கிறோம்’ என்று சொல்லி, ஒன்பது மாதம் பொறுத்துப் பார்த்து, வேறு இடத்தில் முடித்துக்கொண்டது. இப்போது இவளுக்கு நாற்பத்தாறு. யாரும் இவளைக் கொடுமைப்படுத்தவில்லை. அதுதான் சங்கடம். சண்டை போடுவதற்குக்கூட ஆள் கிடையாது.

பறவைகள் அவளுக்கு வந்து சேர்ந்தது தற்செயலாகத்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் நகராட்சிக்காரர்கள் ஊருக்கு வெளியே கழிவுநீர் சுத்திகரிக்கும் குட்டைகளைப் படம் எடுத்துத் தரக் கேட்டார்கள். அண்ணனுக்கு அன்றைக்கு ஒரு கல்யாண வேலை. “குட்டைதானே, நீயே போய் நாலு கோணத்துல எடுத்துட்டு வா. நாத்தம் அடிக்கும், மூக்கைக் கட்டிக்கோ” என்று அனுப்பி வைத்தார். மூக்கைக் கட்டிக்கொண்டு போனவள், வரப்பில் ஏறியதும் துணியை அவிழ்த்துவிட்டு நின்றாள். முழங்கால் ஆழத் தண்ணீரில், வெள்ளை உடம்பும் கருப்பு இறக்கையும், சிவப்புக் குச்சி மாதிரி நீளமான காலுமாக நூறு பறவைகள் நடந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் காலை எடுத்து வைப்பதற்கு முன் ஒரு கணம் யோசிப்பது போல இருந்தது. நெடுங்கால் உள்ளான் என்று பிறகுதான் பெயர் தெரிந்துகொண்டாள். அன்று நகராட்சி கேட்ட குட்டைப் படங்கள் நாலுதான் இருந்தன. பறவைப் படங்கள் இருநூற்றுப் பத்து.

அண்ணனிடம் ஒரு பெரிய லென்ஸ் இருந்தது. விளையாட்டுப் போட்டிகளுக்கென்று வாங்கி, அந்த ஆர்டர் கைவிட்டுப் போனதால் அலமாரியில் தூங்கியது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்புவாள். பத்தரைக்கு அப்பாவைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, சாப்பாடு ஊட்ட வேண்டும். அதனால் பத்து மணிக்குள் வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நாலு வருஷத்தில் ஒரு ஞாயிறுகூட அவள் பத்தைத் தாண்டியதில்லை.

நீரில் நடக்கும் பறவைகள் மனிதரை எண்பதடி தள்ளியே வைத்திருக்கும். கிட்டப் போக வேண்டுமானால் மறைவு வேண்டும். ஸ்டூடியோவில் ஒரு பழைய பின்னணித் திரை மூலையில் கிடந்தது. ஒரு பக்கம் பச்சை மலையும் கொட்டுகிற அருவியும் வரைந்தது. அந்தக் காலத்தில் புதுமணத் தம்பதிகள் எல்லோரும் அந்த அருவிக்கு முன்னால்தான் நின்றார்கள். மறுபக்கம் வெறும் மண் நிறம். மண் நிறம் வெளியே தெரிய, அருவி உள்ளே வரும்படி தைத்து, நாலு குழாய்களில் மாட்டி, ஒரு ஆள் குந்தி உட்காரும் அளவுக்குக் கூடாரம் ஆக்கினாள். முன்பக்கம் ஜிப் வைத்த வாசலும் லென்ஸ் நீட்ட ஒரு ஓட்டையும், பின்பக்கம் காற்றுக்குக் கொசுவலை வைத்த ஒரு கிழிசலும். கோடை தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை மூன்றாம் குட்டையின் ஓரத்தில், காய்ந்த சேற்றுத் திட்டில் நட்டுவிட்டு வந்தாள். ஒரு வாரம் சும்மா நின்றால் பறவைகள் அதை ஒரு மண்மேடு என்று எடுத்துக்கொள்ளும்.

எடுத்துக்கொண்டன. அவள் நினைத்ததற்கு மேலாகவே எடுத்துக்கொண்டன.

அடுத்த ஞாயிறு இருட்டோடு போய்க் கூடாரத்துக்குள் நுழைந்தபோது எங்கேயோ ‘கிக் கிக் கிக்’ என்று ஒரு பறவை கத்திக்கொண்டு பறந்தது. அது வழக்கம்தான் என்று இவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, லென்ஸை நீட்டி, வெளிச்சத்துக்குக் காத்திருந்தாள். நன்றாக விடிந்த பிறகு முன்னால் ஒரு பறவையும் இல்லை. முதுகுக்குப் பின்னால்தான் ஏதோ சரசரத்தது. மெல்லத் திரும்பி, கொசுவலை வழியாகப் பார்த்தாள்.

இரண்டடி தூரத்தில், கூடாரத்தின் நிழல் விழும் இடமாகப் பார்த்து, சேற்றில் சின்னப் பள்ளம் பறித்து நாலு காய்ந்த குச்சியைப் போட்டு, ஒரு நெடுங்கால் உள்ளான் உட்கார்ந்திருந்தது. அந்த நீண்ட கால்களை அது எப்படி மடக்கி வைத்திருந்தது என்றே புரியவில்லை. தச்சன் அளவுகோலை மடக்கிப் பையில் வைத்த மாதிரி இருந்தது. கண் ரத்தச் சிவப்பு. அந்தக் கண் நேராகக் கொசுவலையைப் பார்த்தது. இவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

நாலு வருஷம் எண்பதடி தள்ளி நின்ற பறவை இப்போது கை நீட்டினால் தொடும் தூரத்தில். அவ்வளவு கிட்டத்தில் அந்தப் பெரிய லென்ஸ் எதையும் தெளிவாகக் காட்டாது. அதற்குக் குறைந்தது பத்தடி வேண்டும். ஒரு படம்கூட எடுக்க முடியாது. வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. சிரிக்கவும் முடியாது.

ஒன்பதே முக்காலுக்குச் சாமான்களைப் பையில் வைத்துக்கொண்டாள். வேகமாக வெளியே போய்விட்டால் பறவை கொஞ்சம் பறந்துவிட்டுத் திரும்பி வந்துவிடும் என்று கணக்குப் போட்டாள். ஜிப்பை நாலு விரற்கடை இறக்கினாள். அந்தச் சத்தத்துக்கே பறவை எழுந்து பறந்தது. பள்ளத்தில் நாலு முட்டை, சேற்று நிறத்தில் கரும்புள்ளியோடு. அடுத்த நொடி மேலிருந்து கருப்பாக ஒன்று விழுந்தது. காக்கை. இவள் “ஏய்!” என்று கத்துவதற்குள் ஒரு முட்டையை அலகில் கவ்விக்கொண்டு, குட்டையின் குறுக்கே போகும் பெரிய குழாயின் மேல் போய் உட்கார்ந்து கொத்தித் தின்றது. அங்கே இன்னும் இரண்டு காக்கைகள் இருந்தன. ஆணும் பெண்ணுமாக இரண்டு உள்ளான்களும் கத்திக்கொண்டு அவற்றின் தலைக்கு மேலேயே பாய்ந்து விரட்டின. காக்கைகள் தலையைக் குனிந்து குனிந்து ஒதுங்கின. குழாயை விட்டுப் போகவில்லை.

அவள் கை ஜிப்பிலேயே நின்றது. முகம் சுட்டது. திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டது தான்தான் என்று தெரிந்துவிட்டது. ஜிப்பை ஒவ்வொரு பல்லாக மேலே ஏற்றினாள். ஐந்து நிமிடத்தில் பறவை வந்து மிச்சம் மூன்றின் மேல் உட்கார்ந்தது. காக்கைகளும் குழாயின் மேல் உட்கார்ந்திருந்தன. இடையில் இவள்.

பத்து இருபதுக்கு, கேமரா இல்லாத அவளுடைய பழைய பட்டன் கைபேசி பைக்குள் அதிர்ந்தது. அண்ணன். எடுக்காமல், ‘இப்ப வர முடியாது’ என்று எழுதி அனுப்பினாள்.

‘ஏன்? எங்க இருக்க? வண்டி ரிப்பேரா?’

‘இல்ல. பறவை முட்டை மேல உக்காந்திருக்கு.’

பிறகு, ‘உக்காந்திருக்கட்டும். நீ எழுந்து வா.’

‘நான் எழுந்தா காக்கா முட்டையைத் தின்னுடும்.’

‘விளையாடறியா? அப்பா பசியோட இருக்காரு.’

அந்த வரியை அவள் நாலு தடவை படித்தாள். ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் மூன்று முட்டை. யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். ‘நீயே குளிப்பாட்டு. சூப்பை ஆறவெச்சு, இடது பக்கமா ஊட்டு’ என்று எழுதினாள். ‘என்னால முடியாதுன்னு உனக்குத் தெரியும்’ என்று வந்தது. பிறகு அண்ணி கூப்பிட்டாள். பிறகு மறுபடி அண்ணன். பன்னிரண்டு மணிக்குள் பதினாறு அழைப்பு. கைபேசியைத் துணிக்குள் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். அது மடியில் கிடந்து உறுமிக்கொண்டே இருந்து, ஒரு மணி வாக்கில் சார்ஜ் தீர்ந்து அடங்கியது.

வெயில் நேர் மேலே வந்தது. கூடாரத்துக்குள் அடுப்பு மேல் வைத்த பாத்திரத்துக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கொண்டுவந்த அரை லிட்டர் தண்ணீர் பதினொரு மணிக்கே தீர்ந்துவிட்டது. கண்ணுக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் அருவி கொட்டிக்கொண்டிருந்தது, பெயிண்டில். எத்தனையோ ஜோடிகளின் முதுகுக்குப் பின்னால் பார்த்த அருவிதான். இவ்வளவு கோபம் அதன் மேல் என்றைக்கும் வந்ததில்லை.

பின்னால் பறவை வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரத்தில் அதன் ஜோடி தண்ணீரிலிருந்து வந்தது. வயிற்று இறகு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வேண்டுமென்றே உட்கார்ந்து நனைத்துக்கொண்டு வந்திருக்கிறது. ஒன்று எழுந்ததும் மற்றது முட்டைகள் மேல் அந்த ஈரத்தோடு படுத்தது. அரை மணிக்கு ஒரு முறை இப்படி ஆள் மாறியது. இங்கே மாற்ற ஆள் இல்லை என்று இவள் நினைத்துக்கொண்டாள். நினைத்ததற்குத் தனக்குள்ளேயே வெட்கப்பட்டாள்.

கால் மரத்தது. முக்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் குழாய் கிறீச்சிட்டது. அதனால் சாயவில்லை. இடுப்புக்குக் கீழே முதலில் வலித்தது, பிறகு எரிந்தது, பிறகு தன்னுடையதே இல்லை என்பது போல ஆனது. சிறுநீர் முட்டியது. இரண்டு மணி வரை பல்லைக் கடித்துப் பார்த்தாள். அதற்கு மேல் முடியவில்லை. லென்ஸ் துடைக்கும் துணிகள் வைத்திருந்த வாயகன்ற டப்பாவைக் காலி செய்து, ஓசை வராமல், ஒவ்வொரு அசைவுக்கும் பறவையின் கண்ணைப் பார்த்துக்கொண்டு, எப்படியோ முடித்தாள். முடித்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது.

அப்போதுதான் அப்பாவின் படுக்கை நினைவுக்கு வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் புண் வரும் என்று நர்ஸ் சொல்லிக் கொடுத்திருந்தாள். பதினோரு வருஷமாக இவள் கடிகாரம் பார்த்துத் திருப்புகிறாள்; இவள் வெளியே போகும் ஞாயிறு காலையில் மட்டும் அண்ணி. புண் வந்ததே இல்லை. நர்ஸே மெச்சியிருக்கிறாள். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தின் கடைசி அரை மணி எப்படி இருக்கும் என்று இன்றுவரை தெரியாது. படுக்கைச் சட்டியோடு யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு கிடப்பது எப்படி இருக்கும் என்பதும் தெரியாது. அவர் சொல்லும் ஆச்சுகளில் பாதிக்கு இவள் தப்பாக அர்த்தம் பண்ணியிருக்கிறாளோ?

மாலை வெயில் மஞ்சளானபோது குழாயின் மேலிருந்த காக்கைகளில் ஒன்று கிளம்பியது. பிறகு மற்ற இரண்டும். ஊர்ப்பக்கம் மரங்களுக்கு அடையப் போயின. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு ஜிப்பைத் திறந்து, பையை இழுத்துக்கொண்டு நாலு காலால் தவழ்ந்து வெளியே வந்தாள். எழுந்து நிற்க முடியவில்லை. பறவைகள் கத்திக்கொண்டு பறந்தன. சேற்றிலேயே ஊர்ந்து வரப்பில் ஏறி, அந்தப் பக்கம் சரிந்து படுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். இரண்டு நிமிடத்தில் ஒன்று திரும்பி வந்தது. கால்களை மடக்கியது. உட்கார்ந்தது.

பம்ப் அறையில் வேலை பார்க்கிறவர் சைக்கிளில் வந்தவர், சேறு பூசிய உருவத்தைப் பார்த்து இறங்கிவிட்டார்.

“என்ன மேடம் இது? விழுந்துட்டீங்களா?”

“இல்லண்ணே. மாட்டிக்கிட்டேன்” என்றாள். அவர் நீட்டிய தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தாள்.

வீட்டு வாசலில் அண்ணன் நின்றார். சட்டைக் கையெல்லாம் ஈரம்.

“போலீஸ் வரைக்கும் போகலாமான்னு நினைச்சேன். ஒரு குருவிக்காகவா? ஒரு குருவிக்காக அப்பாவைப் பட்டினி போடுவியா நீ?”

“பட்டினியாவா இருக்காரு?”

அண்ணனின் குரல் சட்டென்று மாறியது. “அதான் இல்ல. நான் ஊட்டினேன். முதல்ல வாயைத் திறக்கவே இல்ல. அப்புறம் திறந்தாரு. முழுக் கிண்ணமும். என் கையாலயே!” பரிசு வாங்கி வந்த பையன் மாதிரி முகமெல்லாம் மலர்ந்திருந்தது. “நானே குளிப்பாட்டினேன். சவரம்கூட. ரெண்டு இடத்துலதான் வெட்டுச்சு.”

அவள் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றாள். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

“இதுக்கு முன்னாடி எத்தனை தடவை ஊட்டிப் பாத்திருக்க?”

“நீ இருக்கும்போது நான் எதுக்கு ஊட்டணும்?”

“என் கையில மட்டும்தான் சாப்பிடுவாருன்னு சொன்னியே. பதினோரு வருஷமா சொன்னியே.”

“அது... எல்லாரும் சொன்னதுதானே. உங்க அண்ணியும்தான் சொன்னா.”

மாடியில் அண்ணியின் நிழல் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. இவள் பதினேழு படியும் ஏறிப் போனாள். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தாடையில் இரண்டு பஞ்சுத் துண்டு ஒட்டியிருந்தது. சட்டையில் பொத்தான்கள் ஒன்று தள்ளி மாட்டியிருந்தன. கை கழுவிவிட்டு, நேரம் பார்க்காமல், அவரை இந்தப் பக்கமாகத் திருப்பினாள். இடுப்புக்குக் கீழே, தனக்கு எரிந்த அதே இடத்தில், உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். அவர் நெடுநேரம் ஆச்சு என்று சொல்லவே இல்லை.

அடுத்த ஞாயிறு லென்ஸ் இருந்த அலமாரி பூட்டியிருந்தது. “ஸ்டூடியோ சாமான் ஸ்டூடியோவுலயே இருக்கட்டும்” என்று அண்ணன் செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவள் வெறுங்கையோடு குட்டைக்குப் போய், வரப்பிலிருந்து கூட்டைப் பார்த்துவிட்டுப் பத்து மணிக்குத் திரும்பினாள். கால் அந்த நேரத்துக்குத் தானாகவே வண்டியை நோக்கி நடந்தது. அதற்குத்தான் அவளுக்கு அழுகை வந்தது. யாரும் கூப்பிடவில்லை, போன் வரவில்லை. வந்துவிட்டாள்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது சொன்னாள். “இனிமே ஞாயித்துக்கிழமை நான் சாயங்காலம்தான் வருவேன்.”

“அப்பாவை யாரு பாக்கறது?”

“உனக்குத்தான் வந்துடுச்சே.”

வீடு ஒரு வாரம் பேசவில்லை. அண்ணன் ஸ்டூடியோவில் வேலையைச் சீட்டில் எழுதி அவள் மேசையில் வைத்துவிட்டுப் போவார். இவளும் முடித்ததைச் சீட்டோடு வைத்துவிடுவாள். கடைசியில் கணக்கு டீச்சர்தான் கணக்குப் போட்டாள். “ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் போ. முழு நாளும் எடுத்துக்கோ. மத்த வாரம் நீ அப்பாவைப் பாரு.” பாதிதான் கிடைத்தது. அதற்கு மேல் கேட்க அவளுக்கே வாய் வரவில்லை. லென்ஸைப் பற்றி யாரும் பேசவில்லை. அலமாரி பூட்டியபடியே இருந்தது.

அவளுக்குக் கிடைத்த முதல் முழு ஞாயிறு, முட்டைகளைப் பார்த்து இருபத்தெட்டாம் நாள். வரப்பில் படுத்துக்கொண்டாள். கேமரா இல்லை. கூடாரம் அதே இடத்தில் வெளுத்துப்போய் நின்றது. அதைப் பிடுங்க மனசு வரவில்லை. அதன் நிழலிலிருந்து பஞ்சு உருண்டை மாதிரி இரண்டு குஞ்சுகள் வெளியே வந்தன. மூன்றாவதைக் காணோம். காக்கையோ, கூமுட்டையோ, தெரியவில்லை. உடம்புக்குப் பொருந்தாத நீளக் காலை வைத்துக்கொண்டு இரண்டும் தண்ணீர் ஓரம் தடுமாறித் தடுமாறி நடந்தன. தாய் நாலடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

கைபேசி அதிர்ந்தது. அண்ணன்.

“சுடுதண்ணி எவ்வளவு சூடா இருக்கணும்?”

“முழங்கையை விட்டுப் பாரு. உனக்குச் சுடக் கூடாது.”

ஐந்து நிமிடம் கழித்து மறுபடி. “அவரு ஆச்சு ஆச்சுங்கறாரு. என்னன்னு புரியல.”

“எனக்கும் புரியாதுண்ணே. கேட்டுக் கேட்டுப் பாரு. கையால தொட்டுத் தொட்டுக் கேளு.”

மூன்றாம் தடவை அதிர்ந்தபோது அவள் எடுக்கவில்லை. கைபேசி வரப்பு மண்ணில் கிடந்து நடுங்கியது. குஞ்சு ஒன்று தண்ணீரில் முதல் அடி எடுத்து வைத்து, நின்று, இன்னொரு அடி வைத்தது. இரண்டாவது குஞ்சு கரையிலேயே நின்றது. கைபேசி ஓய்ந்து, உடனே திரும்பவும் தொடங்கியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எட்டு வரை எண்ணினாள். ஒன்பதில் எடுத்துவிட்டாள்.

“சொல்லு.”

“ஒண்ணுமில்ல” என்றார் அண்ணன். “துண்டு எங்கன்னு கேக்கத்தான். கெடைச்சுடுச்சு.”

அவள் நிமிர்ந்து பார்த்தபோது குஞ்சுகள் இரண்டும் கோரைக்குள் போய்விட்டன. எந்தப் பக்கமாகப் போயின என்று தெரியவில்லை. சாயங்காலத்துக்கு இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது. முழங்கையை ஊன்றிக்கொண்டு காத்திருந்தாள்.